எண்பது அடிக்குக் கீழே

எங்கள் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊதா விளக்கு இருக்கிறது. கள்ள நோட்டுப் பார்க்கிற விளக்கு. நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். சந்தை நாளில் கட்டுக்கட்டாகப் பணம் வரும்போது ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அதன் கீழே காட்டிக் காட்டி எடுப்போம். நல்ல நோட்டு என்றால் தாள் மங்கலாகக் கிடக்கும். எண்ணும் ஒன்றிரண்டு இழைகளும் மட்டும் மின்னும். தாளே பளிச்சென்று வெள்ளை நீலமாக மின்னினால் கை அங்கேயே நின்றுவிடும். இருபது வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். இந்த விளக்கைக் கொண்டுபோய் எங்கள் குடும்பத்துப் படத்தின் மேல் காட்டுவேன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காட்டியிருக்க வேண்டுமா என்பதும் இன்னும் தீரவில்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பவானியிலிருந்து மேட்டூர் போகிற சாலையில், அம்மாபேட்டையை ஒட்டின ஊரில் இருக்கிறது பெரியப்பாவின் தொட்டிக்கட்டு வீடு. ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், நுழைந்ததும் நேர்ச் சுவரில் நாலு படம் மாட்டியிருக்கும். ஒன்று முருகன். ஒன்று பெரியப்பா பெரியம்மா கல்யாணப் படம். ஒன்று பூட்டன். அதைப் படம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர் எதிலிருந்தோ தலையை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, ஒரு கோட்டு உடம்பில் ஒட்ட வைத்து, மீசையையும் புருவத்தையும் பிரஷ்ஷால் எழுதிவிட்டிருக்கிறார். ஆயுளில் சட்டையே போடாத மனிதர் எங்கள் சுவரில் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கொங்கு நாட்டுப் பழைய வீடுகளில் பாதிப் பேருடைய பாட்டன்மார் இப்படித்தான் இருப்பார்கள்.

நாலாவதுதான் விஷயம். கனத்த தேக்குச் சட்டம், மூலைகளில் சின்னப் பூவேலை. உள்ளே ஒரு பெரிய நந்தி. நந்திக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையைக் கட்டி நிற்கிறார். பின்னால் வெட்ட வெளி, அதற்குப் பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் மலை. ‘ஊரு போட்டோ’ என்றுதான் அதற்குப் பெயர். மேட்டூர் அணை கட்டியபோது முழுகிப்போன எங்கள் ஊர் அது. அணைக்குள் முழுகின சிவன் கோயிலின் நந்தி, பண்ணவாடி நந்தி, அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அணையில் தண்ணீர் குறைந்தால் பேப்பரில் முதலில் வருவதே அந்தப் படம்தான். ஆடிப் பதினெட்டுக்குப் பெரியம்மா ஆற்றுக்குப் போய் வந்ததும் இந்தப் படத்துக்கு ஒரு முழம் பூ வைப்பார். தண்ணீர் வருவதற்கு முன்னால் எடுத்தது, நிற்கிறவர் பூட்டன், கையில் இருப்பது அவருடைய வெள்ளிக் காப்பு என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். யார் சொல்லிக் கேட்டேன் என்று அப்போது யோசித்ததில்லை.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அவர் 1936இல் பிறந்தவர், அணை திறந்து இரண்டு வருடம் கழித்து. காது சரியாகக் கேட்காது, கண் நன்றாகத் தெரியும். காலையில் பேப்பர் வந்ததும் எடுத்தவுடன் பார்ப்பது மேட்டூர் அணை நீர்மட்டம். அதை வாய்விட்டுச் சொல்வார். ‘தொண்ணூத்தி ஆறு’ என்பார், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மேற்குக் கரை வாய்க்கால் பாசனம் உள்ள ஊர், வெள்ளாமைக்காரர், வேறு எதைப் பார்ப்பார் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

நாற்பதாயிரம்

2023 வைகாசியில் பெரியப்பா மகன், எனக்குத் தம்பி, போன் பண்ணினான். வீட்டு ஓடு மாற்ற வேண்டும், மழைக்கு ஆசாரத்தில் ஒழுகுகிறது, கோயமுத்தூரிலிருந்து பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்திருந்தார் என்றான். மரத்தூணுக்கு விலை கேட்க வந்தவர் தூணை விட்டுவிட்டு இந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாராம். அணைக்கு முந்தின ஊர் என்பது நிஜமானால் நாற்பதாயிரம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ‘நிஜமா இருந்தா’ என்பதைத் தம்பி மெதுவாகச் சொன்னான். நாற்பதாயிரத்தைச் சத்தமாகச் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வியாபாரி மறுபடி வந்தார், நானும் போயிருந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஏமாற்றுகிற ஆள் மாதிரி எனக்குத் தெரியவில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், அவ்வளவுதான். நம் பக்கத்தில் பழைய படம் கிடைப்பது ஏன் அரிது என்று அரைமணி நேரம் பேசினார். லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1857, 58 வாக்கில் சென்னை மாகாண அரசுக்காகப் படம் எடுத்துக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் போனவர். ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவில் வேறு சில இடங்களையும் எடுத்திருக்கிறார். நீலகிரிக்கு ஊட்டியிலேயே பென் என்று ஒரு போட்டோகிராபர் இருந்தார். மெட்ராஸில் வீலி அண்டு க்ளைன் போன்ற பெரிய கம்பெனிகள் இருந்தன. ‘அவங்க எல்லாம் கோட்டை, கோயில், மலை, அருவின்னு எடுத்தாங்களே தவிர, நம்ம குடியானவன் ஊட்டு வாசல்ல வந்து ஆருங்ணா எடுத்தா? அதனாலதான் இது நிஜம்னா காசு’ என்றார்.

விலை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். கணக்கு எழுதுகிறவனுக்கு அதுதானே வரும். பழசு என்பதற்கு மட்டும் விலை கிடையாது என்றார். நூறு வருடப் பழைய ஸ்டுடியோ படம், பேர் தெரியாத தம்பதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது, இருநூறு முந்நூறுக்குக் கிடைக்கிறது. யார், எந்த இடம், எந்த வருடம், யார் எடுத்தது, இந்த நாலில் எத்தனை சொல்ல முடிகிறதோ அதற்குத்தான் விலை. அதோடு இன்னொன்று. படம் எடுத்த காலத்திலேயே தாளில் போட்டதா, பின்னால் எப்போதோ நெகட்டிவிலிருந்து போட்டதா என்று பார்ப்பார்கள். ஒரே படம்தான், ஆனால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அப்புறம் அட்டை. முன்னெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள் படத்தைக் கெட்டி அட்டையில் ஒட்டி, கீழேயோ பின்னாலேயோ கம்பெனி பேரை அச்சடித்துத் தருவார்கள். அந்த அட்டைதான் படத்துக்குப் பட்டா மாதிரி. ‘நம்ம ஆளுங்க சட்டம் மாத்தறப்ப மொதல்ல அதைத்தான் வெட்டிக் குப்பைல போடறாங்க.’

எனக்குச் சுருக்கென்றது. தங்கச்சி கல்யாணத்தின்போது எங்கள் வீட்டுப் பழைய படங்கள் ஆறேழையும் தூக்கிக்கொண்டுபோய், பொன் நிறப் பிளாஸ்டிக் சட்டம் போட்டு, ‘பின்னாடி அட்டையெல்லாம் வேண்டாங்க, கரையான் வரும்’ என்று நானே சொல்லிவிட்டு வந்தவன். அதில் ஒன்றிரண்டில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து தங்க நிறத்தில் இருந்த ஞாபகம். வியாபாரியிடம் அதைச் சொல்லவில்லை.

சட்டத்தைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பெரியப்பா திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தம்பி காதருகே போய்க் கத்தினான். அவர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டு, ‘பாத்து, கண்ணாடி’ என்றார்.

வேட்டியும் மின்னியது

பின்பக்கத்துத் தகர ஆணிகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக உடைந்து வந்தன. பலகையை எடுத்ததும் ராமபாணப் பூச்சிகள் இரண்டு மூன்று ஓடின. படத்துக்குப் பின்னால் எழுத்து இல்லை, முத்திரை இல்லை, ஒரு மூலையில் பசைக் கறை மட்டும். ஆனால் படம் நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. நீளவாட்டுச் சட்டத்துக்காகப் பழுப்பு அட்டை வெட்டி மேலேயும் கீழேயும் மறைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் படம் நல்ல சதுரம், சுற்றிலும் கால் அங்குலம் வெள்ளை ஓரம். மறைந்திருந்த கீழ்ப் பகுதியில் தரையும் ஏதோ நிழலும் தெரிந்தன. நிழலை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

வியாபாரி சதுரத்தைப் பார்த்ததுமே கொஞ்சம் அமைதியானார். ‘அண்ணா, உங்க கடைல நோட்டுப் பாக்கற லைட் இருக்குமுங்களா?’ என்று கேட்டார். அவருடையதில் பேட்டரி போய்விட்டதாம். பணப்பையோடு சேர்த்து எங்கள் விளக்கும் என் வண்டிப் பெட்டியில் கிடந்தது. எடுத்து வந்தேன். காரணத்தை அப்போதுதான் சொன்னார்: போட்டோத் தாள் வெள்ளையாகத் தெரிவதற்காக 1950களின் நடுவிலிருந்து தாளில் ஒரு ரசாயனம் கலக்க ஆரம்பித்தார்கள். ஊதா ஒளி பட்டால் அது நீலமாக மின்னும். அதற்கு முந்தின தாள் மின்னாது. மின்னாவிட்டால் பழசு என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பின்னால் வந்த தாள்களிலும் அது கலக்காதது உண்டு. ஆனால் மின்னினால் கதை முடிந்தது.

ஆசாரத்துக் கதவைச் சாத்தினோம். தம்பி ஜன்னலில் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் விளக்கைப் போட்டேன். முதலில் மின்னியது என் வேட்டி. திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நிலா வெளிச்சம் மாதிரி. சோப்புத்தூளில் போடுவதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான் என்றார் வியாபாரி, துணி வெள்ளையாகத் தெரியத்தானே இரண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடே விளக்கைப் படத்தின் பின்பக்கம் திருப்பினேன். வேட்டியும் படமும் ஒரே வெள்ளை. ஓரங்கள் முன்பக்கத்திலும் மின்னின. நடுவில் நந்தியும் மனிதரும் மட்டும் இருட்டாக இருந்தார்கள்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. தம்பி போர்வையை விட்டான். பகல் உள்ளே வந்ததும் அது பழையபடி எங்கள் ஊரு போட்டோவாக இருந்தது. வியாபாரி கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, ‘சட்டம் நல்ல பர்மாத் தேக்குங்க, மூவாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்துக்கறனுங்க’ என்றார். இதைச் சொன்னதற்காக அவர் மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அதில் என்ன தப்பு என்று தெரியவில்லை. படத்தைவிடச் சட்டத்துக்கு வயது அதிகம். அவர் பார்க்கிறது வயதைத்தானே.

காப்பியாக இருக்கலாமே

இரண்டு வாரம் ஒரு நப்பாசையில் ஓடியது. ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடம் டார்க் ரூமிலேயே கழித்தவர். ஸ்டுடியோவை மூடி ரொம்ப நாளாகிறது. விரல் நகங்களில் பழுப்பு மட்டும் இன்னும் போகவில்லை. அவரிடம் படத்தைக் கொண்டுபோனேன். தாளைத் தொட்டுப் பார்த்து, சாய்த்துப் பார்த்து, ‘நல்ல புரோமைடு பேப்பர் தம்பி, ஊட்டி ‘இந்து’ போட்டோ பேப்பருக்கு முந்தினதா இருக்கலாம்’ என்றார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல்தான் உற்பத்தி ஆரம்பித்தது. அதற்கு முன்பெல்லாம் வெளிநாட்டுத் தாள்தான் என்று பழைய நாட்களுக்குள் போய்விட்டார். நான் இழுத்துக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே ஒன்று சொன்னார்: ‘தாள் புதுசுன்னா படமும் புதுசுன்னு ஆரு சொன்னது? பழைய படத்தை வெச்சுக் காப்பி எடுத்திருக்கலாமே!’

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. ஆமாம், பழைய படம் செல்லரித்துப் போயிருக்கும், அப்பாரு, அதாவது பெரியப்பாவின் அப்பா, அதைக் காப்பி எடுத்து மாட்டியிருப்பார், விலை போனால் போகிறது, பூட்டன் பூட்டன்தான். தம்பிக்கும் போன் பண்ணிச் சொன்னேன். நிஜத்தைவிடக் கொஞ்சம் பழசாக இருக்க வேண்டும் என்று ஒரு படத்தின் மேல் நமக்கு ஏன் இத்தனை ஆசை? பூட்டன் தண்ணீர் வந்த ஏழாவது வருடம் போய்ச் சேர்ந்தவர். கோட்டுப் படத்தைத் தவிர அவர் முகம் எங்களிடம் கிடையாது. அந்த ஆசைதான் என்று நினைக்கிறேன்.

ஸ்டுடியோக்காரர் காப்பி எடுத்தே வாழ்ந்தவர். பழைய படத்தைப் பலகையில் குத்தி, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து எடுப்பார்கள். அப்படி எடுத்தால் கறுப்பு இன்னும் கறுத்துவிடும், வெள்ளை வெளுத்துவிடும், நடுவில் இருக்கிற சாம்பல் நிறங்கள் செத்துப்போகும். பழைய தாளின் மடிப்பும் கீறலும் படமாகப் பதிந்து கிடக்கும். விரலால் தடவினால் மழமழவென்று இருக்கும், கண்ணுக்கு மட்டும் மடிப்புத் தெரியும். இதில் அப்படி ஒரு கீறலும் இல்லை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பை என்னிடம் கொடுத்துப் படத்தின் மேல் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார். அச்சுப் படமாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் புள்ளி இல்லை, மணல் தூவின மாதிரி பொடிப் பொடியாகச் சோறு. அதைச் சோறு என்றுதான் அவர் சொன்னார். சின்ன பிலிமிலிருந்து பெரிதாக்கினால் வருவது. அந்தக் காலத்துக் கண்ணாடிப் பிளேட்டை அப்படியே தாளோடு தாளாக வைத்துப் போட்ட படத்தில் அது வராது. சதுரம் வேறு. ரெண்டு லென்சு கேமரா, இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்த்து எடுப்பது. ‘பாருங்க, தூரத்துத் தண்ணி விளிம்பு அவர் இடுப்பை ஒட்டிப் போகுது. எடுத்தவன் கேமராவும் அந்த உசரத்துலதான் இருந்திருக்கு.’

பிறகு கை. பூட்டனின் வெள்ளிக் காப்பை லூப்புக்குள் கொண்டுவந்தேன். வட்டமாக ஒரு முகம், இரண்டு பக்கமும் வார். கைக்கடிகாரம். நான் லூப்பை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன், காப்பாகவே தெரிந்தது. திரும்ப வைத்தேன், கடிகாரம்.

தரையை அவர்தான் காட்டினார். ஊருக்கு வெளியே உழுத காடு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது. லூப்புக்குள் அது உழவுச் சால் இல்லை. தட்டுத் தட்டாக, விளிம்பு மேலே சுருண்டு, அடை மாதிரி வெடித்துக் கிடக்கிற வண்டல். ஏரி வற்றினால் நடுவில் கிடக்குமே, அந்த மண். நந்தியின் கழுத்து வரைக்கும் அதே சேறு காய்ந்து ஒரு கோடாக நிற்கிறது. ஊருக்குத் தண்ணீர் வருவதற்கு முன் எடுத்த படம் இல்லை இது. வந்து, இருந்து, வடிந்த பிறகு எடுத்தது.

‘இன்னொன்னு’ என்று ஸ்டுடியோக்காரர் கீழ் ஓரத்தைத் தொட்டார். சட்டத்தில் மறைந்திருந்த பாகம். அங்கே இரண்டு நிழல். ஒன்று முழங்கை இரண்டையும் மடக்கிக் குனிந்து நிற்கிறது, அது போட்டோக்காரன். பக்கத்தில் இன்னொன்று மெலிசாக, தலைக்கு மேலே வட்டமாக ஏதோ. ‘குடை. குனிஞ்சு பாக்கற கண்ணாடில வெயில் படாம இருக்க ஆராவது புடிப்பாங்க’ என்றார்.

பண்ணவாடி

அந்த வருடம் மழை ஏமாற்றியது. ஆவணியில் அணை மளமளவென்று இறங்கியது. எண்பது அடிக்குக் கீழே போனால் முழுகின தேவாலயத்தின் கோபுர முனை தெரியும், இன்னும் இறங்கினால் நந்தி. புரட்டாசியில் நான் பஸ் ஏறிப் போனேன். பரிசல் துறையில் பரிசல்கள் கவிழ்ந்து கிடந்தன. நாகமரைக்குப் போகிறவர்கள் தண்ணீர் விளிம்புக்கு ரொம்ப தூரம் நடந்தார்கள். முன்னால் கடலாகக் கிடந்த இடத்தில் ஆடு மேய்ந்தது. 2017 வறட்சியில் இதைப் பார்க்கக் கூட்டம் கூடினதாகப் பேப்பரில் படித்திருக்கிறேன். அன்றைக்கும் ஒரு ஐஸ் வண்டி நின்றது, செல்பி எடுக்கிறவர்கள் நந்தியைச் சுற்றி நின்றார்கள்.

போனில் ஊரு போட்டோவை வைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்தேன். நந்தியை வைத்துப் பார்த்தால் சரிவராது, அது காலத்தால் மாறும். மலை மாறாது. எதிர்க்கரை மலைவரிசையில் ஒரு திமில், அதற்கு அடுத்து ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் நந்தியின் கொம்புக்கு நேரே வர வேண்டும். இடப்பக்கம் பத்தடி நகர்ந்தேன், குனிந்து போனை இடுப்புக்குக் கொண்டுவந்தேன். பொருந்தியது. யாரோ ஒரு போட்டோக்காரர் நின்ற இடத்தில் நின்றேன். காலுக்குக் கீழே வண்டல் அதே மாதிரி வெடித்து, மிதித்தால் அப்பளம் போல நொறுங்கியது. அணை வேலை 1925இல் தொடங்கியது, 1934 ஆகஸ்டு 21இல் திறந்தார்கள், அப்போதைய கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வைத்தார்கள். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். காலடியில் நொறுங்கின மண்ணை ஊர் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன், வரவில்லை. உண்மையைச் சொன்னால் வெயில்தான் தாங்க முடியவில்லை. திரும்பி வரும் வழியில் பெரியப்பா வீட்டில் இறங்கினேன்.

சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். எண்பத்தேழு வயது மனிதரிடம், நீங்கள் பூ வைக்கிற படம் நீங்கள் நினைக்கிற படம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் திண்ணையில் உட்கார்ந்ததும் போனை நீட்டிவிட்டேன். இன்றைக்கு எடுத்த படம், பக்கத்தில் ஊரு போட்டோ. காதருகே குனிந்து, ‘பெரீப்பா, இது தண்ணி வத்துனப்ப எடுத்ததுங்களா?’ என்று கேட்டேன்.

‘ஆமா’ என்றார்.

‘நிக்கறது பூட்டன் இல்லீங்களா?’

‘எங்கப்பன்.’ என்னை ஏதோ புத்தி மட்டானவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ‘உங்கொப்பாரு. அந்தக் கோடை அணை வத்திப்போச்சுன்னு சொன்னாங்க. ஊரைப் பாக்கோணும்னாரு. மேட்டூர்ல ஒரு போட்டோக்காரனைப் புடிச்சோம். பதினஞ்சு ரூவா கேட்டான். எருமைக் கன்னு வித்த காசு. ஊட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு.’

நீங்களும் போயிருந்தீர்களா என்று கேட்டேன்.

‘குடை புடிச்சது நாந்தான்.’

பின்னே ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பூட்டன் என்று சொன்னது யார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அத்தை சொல்லியிருக்கிறார், நான் சொல்லியிருக்கிறேன், தம்பி வியாபாரியிடம் சொன்னான். பெரியப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ‘ஊரு போட்டோ’ என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

‘ஆரு கேட்டீங்க?’ என்றார்.

சட்டத்தைத் தம்பி விற்கவில்லை. ஓடு கடன் வாங்கி மாற்றியாகிவிட்டது. படத்தைத் திரும்ப மாட்டும்போது பழுப்பு அட்டையை வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். சதுரப் படம் அந்த நீளச் சட்டத்துக்குள் இரண்டு பக்கமும் இடம் விட்டுக்கொண்டு, பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை. கோயமுத்தூர்க்காரர் ஒரு தடவை போன் பண்ணினார். நடந்ததைச் சொன்னேன். ‘எடுத்த வருசத்தைப் பின்னாடி பென்சில்ல எழுதி வையுங்ணா, பேனாவுல எழுதாதீங்க, மை ஊறி முன்னாடி வந்துரும்’ என்றார். எந்த வருடம் என்று பெரியப்பாவிடம் கேட்டதற்கு, காளை வாங்கின வருசம் என்றார். எந்தக் காளை என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை ஆரம்பித்தது. ‘அப்பாரு, பண்ணவாடி, தண்ணீர் வற்றின கோடை, குடை: பெரியப்பா’ என்று மட்டும் பென்சிலில் எழுதினேன்.

2024 ஜூலைக் கடைசியில் அணை நிரம்பியது. ஆடிப் பதினெட்டு அன்று போயிருந்தேன். பெரியம்மா ஆற்றிலிருந்து வந்து ஈரச் சேலையோடே படத்துக்குப் பூ வைத்தார். பெரியப்பா பேப்பரை விரித்து, ‘நூத்தியிருவது’ என்றார். மடித்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

‘அந்தக் குடையை அங்கயே வெச்சுப்போட்டு வந்துட்டன். வழியெல்லாம் வஞ்சுக்கிட்டே வந்தாரு.’